முதுகு ஊசி பிடிக்காமல் போனால்: சிசேரியனில் வலி தெரிந்த ஒரு தாய்க்குப் பதில்

கேள்வி கேட்டிருப்பவர் வெள்ளகோவில் பக்கத்துப் பெண். இரண்டரை வருடத்துக்கு முன் சிசேரியனில் முதல் குழந்தை. முதுகில் ஊசி போட்டார்கள், இரண்டு காலும் மரத்துப்போனது, ஆனால் வயிற்றைத் திறந்ததும் வலி தெரிந்திருக்கிறது. சொன்னபோது, "தொடறது தெரியும், வலி இருக்காது" என்றிருக்கிறார்கள். மறுபடி கத்தியதும் கையில் இருந்த டிரிப் வழியாக ஏதோ மருந்து கொடுத்துத் தூங்க வைத்துவிட்டார்கள். குழந்தையின் முகத்தை அன்று பொழுதோடதான் பார்த்தாராம். இப்போது மறுபடி எட்டு மாதம். "உன்ற ஒடம்புக்கு மருந்து புடிக்காது, முதுகு கோணல்" என்று வீட்டில் சொல்கிறார்கள். மறுபடியும் அப்படியே நடக்குமா, பேசாமல் முழு மயக்கமே கேட்டுவிடலாமா என்பது கேள்வி.

நான் மயக்கவியல் மருத்துவர். ஈரோட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் இருபது வருடத்துக்கு மேலாக இந்த ஊசியைப் போட்டு வருகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் அம்மிணி. உங்களுக்கு வலித்தது நிஜம். மருந்து போய்ச் சேர வேண்டிய மட்டத்துக்கு அன்றைக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். அதில் உங்கள் உடம்பின் குற்றம் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அடுத்த முறை சரியாகப் பிடிக்கவே வாய்ப்பு அதிகம். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது புரிய, ஊசி எப்படி வேலை செய்கிறது என்பது தெரிய வேண்டும்.

தண்டுவடத்தைச் சுற்றி ஓர் உறை இருக்கிறது. உறைக்குள் கண்ணாடி போலத் தெளிந்த நீர். பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பு முள்ளெலும்பில் முதலாவது, இரண்டாவது மட்டத்திலேயே முடிந்துவிடும். நாங்கள் ஊசி போடுவது அதற்கும் கீழே, பெரும்பாலும் மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில். அங்கே நீருக்குள் மிதக்கும் நரம்பு இழைகள்தான் இருக்கும். "தண்டுவடத்துல குத்தீட்டாங்க" என்ற பயம் அதனால் தேவையில்லை. 1898-ல் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர் என்ற அறுவை மருத்துவர் கோகெய்னை இப்படிச் செலுத்திக் காலில் ஆபரேஷன் செய்து காட்டினார். அதற்குப் பிறகு மருந்து மாறியது, ஊசி மெலிந்தது, வழி அதேதான்.

இப்போது நாங்கள் பயன்படுத்துவது புபிவக்கெய்ன் என்ற மரக்கடிக்கும் மருந்து, அதில் 'ஹெவி' என்ற வகை. நான்கு மில்லி ஆம்பியூலில் வரும். சிசேரியனுக்கு அதில் ஏறக்குறைய இரண்டு மில்லி போதும், கூடவே ஃபென்டனில் என்ற வலி மருந்தும் துளி சேர்ப்பதுண்டு. இரண்டு மில்லி என்பது டீஸ்பூனில் பாதிகூட வராது. அந்த அளவு மருந்துதான் மார்பு மட்டத்திலிருந்து கால் விரல் வரை முழுவதையும் மரக்கடிக்க வேண்டும். கர்ப்பிணிக்கு அந்த நீர் இருக்கும் இடம் கொஞ்சம் சுருங்கியிருப்பதால் மற்றவர்களைவிடக் குறைந்த மருந்தே மேலே ஏறிவிடும். அதனால் மருந்தைத் தாராளமாக ஏற்றிவிடவும் முடியாது. ரொம்ப மேலே போனால் ரத்த அழுத்தம் விழும், மூச்சுக்கும் சிரமம் வரும்.

'ஹெவி' என்பதற்குக் காரணம் அதில் சர்க்கரை கலந்திருப்பது. முதுகு நீரைவிடக் கனமாக இருப்பதால், நீங்கள் மல்லாந்து படுத்ததும் முதுகெலும்பின் மேடு பள்ளத்துக்கு ஏற்ப ஓடும். இடுப்பு வளைவு மேடு, அதிலிருந்து கொஞ்சம் கீழ்ப்பக்கமும் கொஞ்சம் நெஞ்சுப் பக்கமும் வழியும். காட்டுக்குத் தண்ணி கட்டினவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். வாய்க்காலில் எவ்வளவு தண்ணி வருகிறது, மண் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, வரப்பு எங்கேயாவது உடைந்து பக்கத்துக் காட்டுக்குப் போகிறதா, இவற்றைப் பொறுத்துத்தான் கடைசிப் பாத்தி நனைகிறதா இல்லையா என்பது. உங்கள் விஷயத்தில் முன்பாத்தி நன்றாக நனைந்திருக்கிறது. கடைசிப் பாத்தி காய்ந்து கிடந்திருக்கிறது.

கால் முழுவதும் மரத்தும் வயிறு வலித்தது எப்படி என்று நீங்கள் கேட்டதற்கும் பதில் இதுதான். காலுக்கும் அடிவயிற்றுத் தோலுக்கும் போகும் நரம்புகள் கீழே இருக்கின்றன, மருந்து முதலில் அவற்றைத்தான் தொடும். தோலை மட்டும் வெட்டுவதாக இருந்தால் அது போதும். ஆனால் சிசேரியனில் வயிற்றின் உள்சவ்வைத் திறக்கிறோம், கர்ப்பப்பையை இழுக்கிறோம், சிலர் தையல் போட அதை வெளியே எடுத்தும் வைப்பார்கள். அந்த உணர்ச்சியைக் கொண்டுபோகும் நரம்புகள் முதுகில் வெகு மேலே, நெஞ்சு மட்டம் வரை போய் நுழைகின்றன. அதனால்தான் மார்புக் காம்பு மட்டம் வரை மரத்திருக்க வேண்டும் என்பது எங்கள் கணக்கு. "காலைத் தூக்குங்க பார்க்கலாம்" என்று சொல்லிப் பார்த்து, தூக்க முடியவில்லை என்பதை மட்டும் வைத்து ஆபரேஷனை ஆரம்பித்தால் உங்களுக்கு நடந்தது நடக்கும். சில்லென்ற ஸ்பிரிட் பஞ்சையோ ஐஸையோ வைத்துப் பார்க்க வேண்டும், லேசான தொடுதலும் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும், இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

மருந்து ஏன் போதவில்லை என்பதற்குக் காரணங்கள் பல. அவற்றில் பெரும்பாலானவை ஊசி போடுகிற அந்த ஒரு நிமிடத்துக்குள் இருப்பவை.

இப்போது நல்ல இடங்களில் பயன்படும் ஊசி தலைமுடி போல மெல்லியது. முனை பென்சிலைச் சீவியது போல இருக்கும், ஓட்டை முனையில் இல்லாமல் சற்றுத் தள்ளிப் பக்கவாட்டில் இருக்கும். ஊசிக்குப் பின் வரும் தலைவலி குறைவதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். உறைக்குள் நுழையும்போது 'டப்' என்று ஒரு சின்ன உணர்வு விரலுக்குத் தெரியும், பின்பக்கம் தெளிந்த நீர் ஒரு துளி வந்து நிற்கும். அந்தத் துளியைப் பார்த்த பிறகுதான் மருந்து. ஆனால் அந்தப் பக்கவாட்டு ஓட்டை பாதி உறைக்குள்ளும் பாதி வெளியேயும் நிற்கலாம். நீர் வரும், நமக்கும் திருப்தியாக இருக்கும், மருந்தில் பாதி மட்டும் வெளியே போய்விடும். சிரிஞ்சை ஊசியில் பொருத்தும்போது ஒரு மில்லிமீட்டர் அசைந்தாலே இப்படி ஆகும். இரண்டும் சேரும் இடத்தில் இறுக்கம் போதாமல் மருந்து கசிவதும் உண்டு. என் கையுறை நனைந்ததைப் பார்த்து, எத்தனை துளி உள்ளே போனதோ என்று திகைத்து நின்ற நாட்கள் எனக்கும் இருக்கின்றன. மொத்தமே இரண்டு மில்லி என்றால் ஒவ்வொரு துளியும் கணக்குத்தான்.

தாய் அசைவது இன்னொரு காரணம். இடுப்பு வலி வந்து வந்து போகும் பெண்ணை, வயிறு இடிக்க, முதுகை வளைத்து உட்கார் என்கிறோம். அசையாமல் எப்படி இருப்பாள்? ஒரு வலி அடங்கி அடுத்த வலி வருவதற்குள் வேலையை முடிக்கப் பார்ப்போம். முதுகு நிமிர்ந்தே இருந்தால் எலும்புக்கு நடுவே வழி திறக்காது. தலையணையைக் கட்டிப்பிடித்து, தோளைத் தொங்கவிட்டு, கீழ்முதுகை என் பக்கம் பிதுக்கிக் கொடுத்தால் பாதி வேலையை நீங்களே செய்துவிட்டீர்கள்.

இனி உடம்பின் காரணங்கள். முதுகெலும்பு பக்கவாட்டில் நன்றாக வளைந்திருந்தால், முதுகில் முன்பே ஆபரேஷன் ஆகியிருந்தால், உறைக்குள் நீர் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தால் மருந்து சரியாகப் பரவாது. உங்கள் வீட்டில் சொல்லும் 'முதுகு கோணல்' அந்த அளவுக்கு இருந்தால் அதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டாம், சட்டையைத் தூக்கிக் குனியச் சொன்னாலே தெரிந்துவிடும். மயக்க மருத்துவரிடம் ஒருமுறை முதுகைக் காட்டிக் கேட்டுவிடுங்கள். அவர் சரியாக இருக்கிறது என்று சொன்னால் அந்தப் பேச்சை வீட்டில் அதோடு முடித்துவிடலாம்.

'மருந்து கெட்டுப்போயிருக்கும்' என்பது எல்லோரும் சொல்லும் காரணம், நாங்களும் சொல்வோம். புபிவக்கெய்ன் வகை மருந்துகள் சூட்டுக்கு எளிதில் கெடுபவை இல்லை, நீராவியில் வேக வைத்தாலும் தாங்கும். அதனால் ஊசி போட்டவர் முதலில் தன் கையைச் சந்தேகிப்பதுதான் முறை.

ஒரு விஷயம் நம் ஊருக்கென்றே சொல்ல வேண்டும். தேள் பலமுறை கொட்டியவர்களுக்கு முதுகு ஊசி சரியாகப் பிடிக்கவில்லை என்று நம் நாட்டு மருத்துவர்களே சில நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். தேள் விஷமும் மரக்கடிக்கும் மருந்தும் நரம்பில் ஒரே வகைக் கதவைத்தான் தொடுகின்றன என்பது அவர்கள் சொல்லும் காரணம். தனித்தனி நோயாளிகளின் குறிப்பு அளவில்தான் அது இருக்கிறது, முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் காங்கேயம், வெள்ளகோவில் செம்மண் காட்டில் கல்லைப் புரட்டியும் சோளத்தட்டுப் போர் பிரித்தும் வளர்ந்தவர்களிடம் நான் இதைக் கேட்காமல் விடுவதில்லை. உங்களுக்குத் தேள் கொட்டியிருந்தால், எத்தனை முறை என்று சொல்லி வையுங்கள். பல் பிடுங்கும்போதோ தையல் போடும்போதோ மரக்கடிக்கும் ஊசி பிடிக்காமல் போயிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

இது எத்தனை பேருக்கு நடக்கிறது? திட்டமிட்ட சிசேரியனில் முதுகு ஊசி போதாமல் முழு மயக்கத்துக்கு மாறுவது நூற்றுக்கு ஒன்றைவிடக் குறைவாகவும், அவசர சிசேரியனில் நூற்றுக்கு ஐந்தைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும் என்று பிரிட்டனின் மயக்கவியல் கல்லூரி அளவுகோல் வைத்திருக்கிறது. வலியோடு பல்லைக் கடித்து முடித்தவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள், அவர்கள் தனி. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் ஏறக்குறைய 45 சிசேரியன். அப்படியானால் சிறிய சதவீதம் என்றாலும் அதற்குள் எத்தனை பெண்கள் இருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நீங்கள் தனி ஆள் இல்லை.

பிடிக்கவில்லை என்று தெரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதில் எங்களுக்குள் பெரிய குழப்பம் இல்லை. கத்தி வைக்கும் முன்பே தெரிந்தால் நல்லது. பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்துப் பார்ப்போம், மேசையைத் தலைப்பக்கம் கொஞ்சம் சாய்ப்போம். மருந்தின் அடையாளமே இல்லை என்றால் மறுபடி ஊசி போடலாம். பாதி பிடித்திருந்தால் மறு ஊசியில் மருந்தைக் குறைத்துப் போட வேண்டும், முன்பு போட்டதும் இப்போது போடுவதும் சேர்ந்து மேலே ஏறிவிடக்கூடும். குழந்தைக்கு நாடித்துடிப்பு விழுந்துகொண்டிருந்தால் இதற்கெல்லாம் நேரம் இல்லை, நேராக முழு மயக்கம்தான்.

வயிற்றைத் திறந்த பிறகு வலி தெரிந்தால், முதல் வேலை கையை நிறுத்துவது. ரத்தம் போகும் இடத்தில் நிறுத்த முடியாது, ஆனால் பெரும்பாலான இடங்களில் ஒரு நிமிடம் நிறுத்த முடியும். அந்த நிமிடத்தில் டிரிப்பில் வலி மருந்து கொடுக்கலாம், கெட்டமின் என்ற, வலியைக் குறைத்து அரைத்தூக்கம் தரும் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம், வெட்டின இடத்தில் மரக்கடிக்கும் மருந்தை நேரடியாக விடலாம். அதற்கும் அடங்கவில்லை என்றால், தாய் கேட்டால், முழு மயக்கம். 2022-ல் பிரிட்டனின் பிரசவ மயக்கவியல் மருத்துவர்கள் இதற்கென்றே ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டார்கள். அதில் மருந்தைப் பற்றிச் சொல்வதற்குச் சமமாக, தாய் சொல்வதை நம்ப வேண்டும், என்ன நடக்கிறது என்று அவளுக்குச் சொல்ல வேண்டும் என்று வற்புறுத்தியிருக்கிறார்கள். அதைப் படித்தபோது என் பழைய நாள் ஒன்று கண்முன் வந்தது.

படிப்பு முடித்த இரண்டாவது வருடம். ஒரு சிற்றூர் மருத்துவமனை. தறி ஓட்டுகிற வீட்டுப் பெண், இரண்டாவது பிரசவம். ஊசி போட்டு ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, அறுவை மருத்துவர் அவசரப்பட்டார், நானும் சரி என்றேன். திறந்ததும் அந்தப் பெண், "வலிக்குதுங்க" என்றார். கத்தவில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் மணி கேட்பது போன்ற குரல். "டாக்டரம்மா, வலிக்குதுங்க." இடது கை பலகையில் கட்டியிருந்தது, அந்த விரல்கள் டிரிப் குழாயைச் சுற்றிப் பிடித்திருந்தன. நாடி 90-லிருந்து 130-க்குப் போனதை நான் திரையில் பார்த்தேன். பார்த்தும், "கொஞ்சம் பொறுத்துக்கம்மா, இதா கொழந்தை வந்துருச்சு" என்றேன். குழந்தையை எடுக்க நான்கு நிமிடம் ஆனது. நான்கு நிமிடமும் அவர் 'ங்க' போட்டுத்தான் சொன்னார். கண்ணீர் காதுக்குள் இறங்கியது. குழந்தை வெளியே வந்த பிறகுதான் கெட்டமின் கொடுத்தேன்.

அடுத்த நாள் வார்டில் போய்ப் பார்த்தபோது எழுந்து உட்காரப் பார்த்தார். "நேத்து உங்களச் சிரமப்படுத்தீட்டனுங்களா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டியது நான். அன்றைக்கு அதுகூடச் செய்யாமல் கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். நம் பெண்கள் வலியைச் சத்தம் போட்டுச் சொல்லாமல் வளர்க்கப்பட்டவர்கள். மெதுவாகச் சொல்கிறாள் என்பதற்காகக் குறைவாக வலிக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை அவரிடம்தான் கற்றேன். இப்போது கத்தி வைக்கும் முன் வெட்டப்போகும் இடத்தை ஃபோர்செப்ஸால் கிள்ளச் சொல்லி, தாயின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சரி சொல்கிறேன். "வலிச்சா எங்கிட்டச் சொல்லோணும், பொறுத்துக்கக் கூடாது" என்று முன்பே சொல்லியும் வைக்கிறேன்.

ஆனால் எல்லா உணர்ச்சியும் வலி இல்லை. மருந்து நன்றாகப் பிடித்திருந்தாலும் இழுப்பது, அமுக்குவது தெரியும். குழந்தையை எடுக்கும் நேரத்தில் மேல்வயிற்றில் ஒருவர் கையை வைத்து நன்றாக அழுத்துவார், நெஞ்சில் யாரோ உட்கார்ந்தது போல இருக்கும். குமட்டலும் நடுக்கமும் வரலாம், தோள்பட்டை நோகலாம். கூர்மையாக, வெட்டுவது போல, எரிவது போல இருந்தால்தான் அது வலி. இரண்டையும் பிரித்துச் சொன்னால் எங்களுக்கு உதவி. பிரிக்கத் தெரியாவிட்டாலும் சொல்லுங்கள், பிரித்துப் பார்ப்பது எங்கள் வேலை.

இனி அடுத்த மாதத்துக்கு வருவோம்.

பழைய மருத்துவமனையிலிருந்து மயக்க மருந்துக் குறிப்பை வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சீட்டு போதாது. எந்த மருந்து, எவ்வளவு, எந்த இடத்தில், எத்தனை முறை குத்தினார்கள், எந்த மட்டம் வரை மரத்தது, பிறகு என்ன கொடுத்தார்கள் என்பது அந்தத் தாளில் இருக்கும். உள்நோயாளிக் குறிப்புகளை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ன் மருத்துவ ஒழுக்க விதிமுறைகள் சொல்கின்றன. உங்களுக்கு இரண்டரை வருடம் ஆகிவிட்டது, தள்ளிப்போடாதீர்கள். தாள் கிடைக்காவிட்டால் நினைவில் இருப்பதை எழுதி வையுங்கள். எழுந்தபோது தொண்டை கரகரவென்று வலித்திருந்தால் குழாய் போட்டு முழு மயக்கம் கொடுத்திருப்பார்கள். எங்கோ பறந்தது போல, வண்ண வண்ணமாகக் கனவு வந்திருந்தால் அது கெட்டமினாக இருக்கலாம்.

ஆபரேஷனுக்கு முன்னாலேயே மயக்க மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். நம் சிற்றூர்களில் இது எளிதில்லை என்று எனக்குத் தெரியும். ஒரே மயக்க மருத்துவர் காலையில் பெருந்துறை, பத்து மணிக்குச் சென்னிமலை, மதியம் காங்கேயம் என்று போய்க்கொண்டிருப்பார், நானும் அப்படி ஓடியவள்தான். தாயை அவர் முதலில் பார்ப்பதே ஆபரேஷன் மேசையில்தான் இருக்கும். ஆனாலும் முந்தைய முறை ஊசி பிடிக்கவில்லை என்று சொன்னால் ஒரு போன் பேச்சாவது நடக்கும். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரியிலோ உள்ள சீமாங் மையத்தில் (அவசரப் பிரசவ, பச்சிளங்குழந்தைச் சிகிச்சை மையம்) பிரசவம் பார்ப்பதாக இருந்தால் இன்னும் வசதி, அங்கே மயக்க மருத்துவர்கள் எந்நேரமும் இருப்பார்கள். முதுகு ஊசியோடு, அந்த உறைக்கு வெளியே எபிடியூரல் என்ற மெல்லிய குழாயையும் சேர்த்து வைக்கும் முறை ஒன்று உண்டு. மருந்து போதவில்லை என்றால் குழாய் வழியாகக் கூட்டிக்கொள்ளலாம். எல்லா இடத்திலும் செய்வதில்லை, கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது சிசேரியன் என்பதால் உள்ளே உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம், அப்படியிருந்தால் நேரம் நீளும். மருந்தின் முழு பலம் ஒன்றரை, இரண்டு மணி நேரம். கூடவே குடும்பக் கட்டுப்பாடும் செய்துகொள்வதாக இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். கருக்குழாயை இழுத்துக் கட்டும்போது, அதுவரை எதுவும் தெரியாமல் படுத்திருந்த பெண்கூட முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். முன்பே தெரிந்தால் அதற்கு ஏற்ப மருந்தைத் திட்டமிடுவோம்.

நல்ல நேரம் பார்ப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஜாதகம் பார்த்து, "10.20-க்குள்ள எடுத்துப் போடுங்க டாக்டர்" என்று கேட்கும் குடும்பங்கள் இங்கே நிறைய. நேரம் பார்ப்பது உங்கள் நம்பிக்கை, அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் பத்து மணிக்கு மேசையில் ஏற்றி 10.20-க்குக் குழந்தை வேண்டும் என்றால், மருந்து ஏறக் காத்திருக்க வேண்டிய நேரத்தைத்தான் எல்லோரும் சேர்ந்து விழுங்குகிறோம். குறித்த நேரத்துக்கு முக்கால் மணி முன்னதாகவே தியேட்டருக்குள் போய்விட வேண்டும் என்று உங்கள் வீட்டுக்காரரை விட்டு மருத்துவமனையில் பேசி வையுங்கள்.

பட்டினி விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். முதல் நாள் இரவு சாப்பிட்டதோடு சரி. உணவுக்கு ஆறு மணி நேரம், வெறும் தண்ணீருக்கு இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். பால் காப்பி தண்ணீர்க் கணக்கில் வராது, உணவுக் கணக்குத்தான். "பாவம் புள்ள, வெறும் வயித்துல எப்படிப் போவா" என்று அம்மாயி ஒரு டம்ளர் கம்மங்கூழ் கரைத்துக் கொடுப்பது பாசத்தில்தான். ஆனால் முதுகு ஊசி பிடிக்காமல் அவசரமாக முழு மயக்கம் கொடுக்க நேர்ந்தால் அந்தக் கூழ் வயிற்றிலிருந்து மேலேறி நுரையீரலுக்குள் போய்விடக்கூடும், அதில் உயிரே போகலாம். தெரியாமல் சாப்பிட்டுவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், யாரும் திட்ட மாட்டோம்.

பேசாமல் முழு மயக்கமே கேட்டுவிடலாமா என்றால், என் கருத்து, முதல் தேர்வாக வேண்டாம். கர்ப்பிணிக்குத் தொண்டைப் பகுதி வீங்கியிருக்கும், மூச்சுக்குழாயில் குழாய் வைப்பது மற்றவர்களைவிடக் கடினம். மருந்து குழந்தைக்கும் கொஞ்சம் போகும். குழந்தை அழும் முதல் சத்தத்தையும் மறுபடி இழப்பீர்கள். ஆனால் அதைப் பூதமாக நினைத்துப் பயப்படவும் வேண்டாம். முதுகு ஊசி போதாத இடத்தில் முழு மயக்கம்தான் தாயைக் காப்பாற்றும் வழி. முதுகு ஊசியைத் தாங்கவே முடியாத அளவுக்குப் பயம் என்றால், விவரமாகப் பேசிவிட்டு அதையே தேர்ந்தெடுக்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

பச்சைத் துணியைப் பார்த்தாலே நெஞ்சு படபடக்கிறது, ராத்திரியில் அந்த விளக்கு கனவில் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் பயந்தாங்கொள்ளித்தனம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆபரேஷன் நடுவே வலி தெரிந்த பெண்கள் பலருக்கு இப்படி வருகிறது, இது அறியப்பட்ட மன பாதிப்பு, மருத்துவம் இருக்கிறது. பிரசவத்துக்கு முன்பே மனநல மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது. வெளியே போக முடியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு இல்லை.

மீதிக் கேள்விகளுக்குச் சுருக்கமாக. முதுகு ஊசியால் ஆயுசுக்கும் முதுகு வலி வராது. குத்தின இடம் சில நாள் நோகும், அவ்வளவுதான். பிரசவத்துக்குப் பின் வரும் முதுகு வலிக்கு, கர்ப்பத்தில் தளர்ந்த தசையும் குனிந்து பால் கொடுப்பதும்தான் பெரும்பாலும் காரணம். தலையணை வைக்காமல் படுத்தால் தலைவலி வராது என்பதும் உண்மை இல்லை. உட்கார்ந்தால் கூடி, படுத்தால் குறையும் தலைவலி முதல் சில நாட்களில் வந்தால் உடனே சொல்லுங்கள், வைத்தியம் உண்டு. சிசேரியன் இல்லாமல் சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய்யலாமா என்பதை உங்கள் மகப்பேறு மருத்துவர்தான் பழைய தையலைப் பற்றி அறிந்து சொல்ல வேண்டும்.

தியேட்டரில் மயக்க மருத்துவரைப் பார்த்ததும் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "போன தடவை ஊசி பத்தலீங்க, வயித்தத் தொறந்த பொறகு வலி தெரிஞ்சுதுங்க. இந்தத் தடவை நெஞ்சு வரைக்கும் மரத்துதான்னு பார்த்துட்டு ஆரம்பிங்க. வலிச்சாச் சொல்லுவனுங்க, நிறுத்தோணும்." தாளில் எழுதி கணவரிடமும் கொடுத்து வையுங்கள். பழைய மயக்கக் குறிப்பு கிடைத்தால் பெயர்களை விட்டுவிட்டு அதில் இருப்பதை இங்கே எழுதுங்கள், படித்து என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன்.